சரசு அக்காவின் கைராசி

போன மாதம் மூக்குக்கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு புத்தகக் கடை. புதுக் கண்ணாடி சரியாகத் தெரிகிறதா என்று சோதிக்கிற சாக்கில் உள்ளே நுழைந்துவிட்டேன். எதிரே பளபள அட்டையில் வித்தாரன் நிற்கிறான்! கையில் வாள், மார்பெல்லாம் தசை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் வித்தாரன் வாளைத் தொட்டதே கிடையாது. அந்தக் கதை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது ஓவியர் அவனை ஒல்லிப்பிச்சானாக, மூக்கு மட்டும் பெரிதாக, வேட்டி எந்த நேரமும் அவிழ்ந்துவிடும் போலத்தான் வரைவார். சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கங்களுக்குப் புரட்டினேன். கடைசி அத்தியாயம் என்று பார்த்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நடைபாதையில் நின்று அழுதேன். பேரன் பேத்தி எடுத்தவள் செய்கிற காரியமா இது, நீங்களே சொல்லுங்கள்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு ராஜகுமாரிக்குத் தூக்கம் போய்விடுகிறது. ஏழாவது தீவில் ஒரு பறவை இருக்கிறது, அது பாடினால்தான் தூங்குவாள். அரண்மனைத் தோட்டத்தில் மாங்காய் திருடி மாட்டிக்கொண்ட வித்தாரனிடம், பறவையைக் கொண்டு வா, இல்லாவிட்டால் தலை போகும் என்கிறார் ராஜா. போகிற வழியெல்லாம் பூதமும் அரக்கனும். இவன் எல்லாரையும் பொய்யாலேயே ஜெயிப்பான். மனிதரைத் தின்னும் அரக்கனிடம் வெற்றிலை பாக்குத் தட்டோடு போய், "உங்க வயித்துல எங்க மாமா இருக்காரு, கல்யாணத்துக்கு அழைக்கணும், கொஞ்சம் வாயைத் திறங்க" என்பான். அரக்கன் மரியாதை தெரிந்தவன், திறப்பான். உடனே ஒரு உலக்கையை வாய்க்குள் நிறுத்திவிட்டு இவன் நடையைக் கட்டுவான்.

இதை எங்களுக்குப் படித்துக் காட்டியவள் சரசு அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதிக்குமேல் தறிதான், மிச்ச இடத்தில் நைனா, அம்மா, அக்கா, நான். தறி ஓடும்போது காதருகில் கத்தினாலும் கேட்காது. அதனால் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூல், தீர்கிற வரைக்கும் கதை கிடையாது. பாவு தீர்ந்தால் தறி சும்மா நிற்கும். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை, காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். அன்றைக்குத்தான் எங்களுக்குக் கதை. அதுவரை வந்த பத்திரிகைகளை நைனா சணல் போட்டுக் கட்டித் தறிக் கம்பத்தில் தொங்கவிட்டிருப்பார். முன்னாடியே யாரும் பிரிக்கக் கூடாது, அக்காகூட. எனக்குப் படம் பார்க்க மட்டுமாவது கை துறுதுறுக்கும். அம்மாவின் கையும் அடிக்கச் சட்டென்று நீளும் என்பதால் அடங்கி இருந்தேன்.

நைனாவும் அம்மாவும் எதிர்வீட்டு லோகா அத்தையும் பிணைப்பார்கள். அக்கா ஒரு இழையைத் தொடமாட்டாள், படிப்பதுதான் அவள் வேலை. வித்தாரனுக்கு மூக்கால் ஒரு குரல், அரக்கனுக்கு அடித்தொண்டையில், ராஜாவுக்கு வெற்றிலை குதப்பினாற்போல. தந்திரம் பலிக்கிற இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தித் தண்ணீர் குடிப்பாள்.

"அப்பறம் இன்னா ஆச்சும்மா?" என்பார் நைனா, விரல் அந்தரத்தில் நிற்க.

"இழைய உட்டுட்டு அவ வாயப் பாத்துக்கினு இருங்க. நாளைக்குப் பாவு தானா ஓடும்," என்பாள் அம்மா. சொல்லிவிட்டு, "சீக்கிரம் குடிச்சித் தொலையேன்டி," என்று அக்காவையும் விரட்டுவாள்.

வித்தாரன் ஐந்தாவது தீவில் இருந்தபோது அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஆரணியில் நெசவுக் குடும்பம். அடுத்த பாவு தீர்ந்த நாளில் யார் படிப்பது என்று பேச்சு வந்தது. நான் படித்தேன். எல்லாரையும் ஒரே குரலில், வாய்ப்பாடு ஒப்பிக்கிறாற்போல. கொஞ்ச நேரத்தில் நைனாவே போதும் என்று கட்டி வைத்துவிட்டார். எனக்கு ரோஷம் வந்ததென்னவோ உண்மை, ஆனால் அவர் செய்ததில் தப்பில்லை.

அதற்கடுத்த பாவு தீர்ந்த அன்று காலை, அக்கா பையோடு வாசலில் நிற்கிறாள்.

"உங்க மாமியா எப்பிடிம்மா உட்டாங்க?" என்றார் நைனா.

"வித்தாரன் வேலதான் நைனா. எங்க வூட்டுல நான்தான் பாவு பிணைப்பேன், என் கை படலன்னா அறுந்துக்கினே இருக்கும், எனக்கு அப்பிடி ஒரு ராசின்னு சொன்னேன். அந்தம்மா அவங்களே பஸ் ஏத்தி உட்டுட்டாங்க."

நைனா இருமல் வரும்வரை சிரித்தார். நெசவு வீடுகளில் கைராசி என்றால் விளையாட்டில்லை. எங்களிடம் ஜாதகத்தைக்கூடப் பொய் என்று சொல்லிவிடலாம், கைராசியைச் சொல்ல முடியாது. அம்மா மட்டும் "பெரியவங்க கிட்ட சொல்ற பேச்சாடி இது" என்று திட்டிக்கொண்டே அவள் தலைக்கு எண்ணெய் வைத்தாள். அன்றைக்கு ஆறாவது தீவு முடிந்தது. ஏழாவது தீவுக் கரையில் பறவையின் சத்தம் கேட்கிறது என்பதோடு வந்த பத்திரிகைகள் தீர்ந்துவிட்டன.

"மீதிய நான் வந்துதான் படிப்பேன். யாருனா பிரிச்சீங்க, அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொய் அவளுக்கு முன்னால் ஆரணி போய் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு ராசியான கையை நம் தறிக்கு வைத்துக்கொள்ளாமல் பிறந்த வீட்டுக்கு அனுப்புவானேன் என்று மாமியாருக்குத் தோன்றிவிட்டது. நியாயம்தானே? பிணைக்கவே தெரியாத அக்கா சாம்பலைத் தொட்டு உட்கார்ந்தாள். எப்படியோ கற்றுக்கொண்டாள். அவள் பிணைத்த முதல் பாவு, கடவுளுக்கே வெளிச்சம், ஓர் இழைகூட அறாமல் ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த அம்மாள் அவளை எங்கேயும் விடவில்லை.

இதற்குள் அக்கா உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதால் மாதம் நெருங்கியதும் நைனா அழைத்துவரப் போனார். தனியாகத் திரும்பி வந்தார். கூடத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"முகூர்த்தப் புடவைக்குப் பாவு வருதாம். 'மகராசி கை பட்டாப் போதும், சம்பந்தி, பிணைச்சதும் நானே கூட்டியாறேன்'னு சொல்றாங்க."

"அவளுக்கு ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல, பொய் சொன்னான்னு சொல்றதுதானே?"

"சொல்ல வாயெடுத்தேன். அந்தம்மா முதுகுக்குப் பின்னால நம்ம சரசு நின்னுக்கினு, வேணாம் நைனான்னு தலைய ஆட்டுச்சு. சிரிச்சிக்கினே ஆட்டுச்சு. வாழப் போன எடத்துல பொய்க்காரின்னு பேர் வாங்கித் தரச் சொல்றியா?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த நிலையில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பாவு பிணைக்க உட்கார்ந்த இடத்திலேயே அக்காவுக்கு வலி கண்டுவிட்டது. ஆரணி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஆள் எங்கள் வாசலில் நின்று, செருப்பைக் கழற்றாமலே, "ரெண்டு உசுரும் தங்கல," என்றார். நைனா காலை இறக்கி உட்கார்ந்து நெய்கிற தறிக்குழிக்குள் இருந்தார். மேலே ஏறி வர அவருக்குத் தெரியவில்லை. லோகா அத்தைதான் கை கொடுத்துத் தூக்கினாள். அக்காவைப் பார்க்கப் போனபோது விரல் நுனிகளில் சாம்பல் இருந்தது என்று அம்மா சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியார் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு கதறியிருக்கிறாள். அவளைத் திட்டவும் எங்களுக்கு வழியில்லாமல் போயிற்று.

கம்பத்தில் தொங்கிய பத்திரிகைக் கட்டுக்குள் கதையின் முடிவு வந்து சேர்ந்திருந்தது. யாரும் பிரிக்கவில்லை. ஒருநாள் அம்மா அதை அப்படியே எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டாள், நைனா பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் பாவு பிணைக்கிற நாட்களில் தெருவில் போகிற சைக்கிள் மணிகூடக் கேட்கும்.

இப்போது அந்த வீடு இல்லை. நைனா, அம்மா, லோகா அத்தை, யாரும் இல்லை. அதையெல்லாம் ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டேன். என்னால் ஆற்றிக்கொள்ள முடியாதது வேறு. வித்தாரன் மூக்கால் பேசுவது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அரக்கன் இருக்கிறான், ராஜா இருக்கிறார். விடிந்ததும் என் போர்வையை இழுத்து "எழுந்திருடி" என்பாளே, யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாத அவளுடைய சொந்தக் குரல், அதுதான் எவ்வளவு முயன்றாலும் எனக்குக் கிடைக்கவில்லை.