பர்னருக்குப் போட்ட மாலை

ஆயுத பூசை லீவில் எல்லா வீட்டு அய்யாமாரும் பிள்ளைகளோடு இருக்க, நம் அய்யா மட்டும் ஏன் லாட்ஜுக்கு ஓடுகிறார் என்று கோபித்துக்கொண்டீர்கள். பிள்ளைகளா, காரணத்தை எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

ராமேஸ்வரத்தில் நான் வேலை பார்க்கும் லாட்ஜில் வெந்நீருக்கு கேஸ் பாய்லர் இருக்கிறது. அதில் தீ எரிகிற பாகம்தான் பர்னர். கேஸும் காற்றும் சரியாகக் கலந்தால் நீலமாக எரியும். காற்று குறைந்தால் ஒழுங்காக எரியாது. எரியாத கேஸ் தேங்கி, அதில் ஒரு பொறி பட்டால் அறையே மிஞ்சாது. உப்புக் காற்றில் துரு வேறு. வாரம் தவறாமல் பிரஷ் போட்டுத் துடைப்பேன். குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். இதெல்லாம் எனக்குப் பெரிய வேலையில்லை. வாட்ச்மேன் அண்ணனைச் சமாளிப்பதுதான் ஆகாத வேலை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் பூசைக்கு மறுநாள் காலையில் போனால், பாய்லர் அறை வாசலிலேயே கேஸ் வாடை. உள்ளே மேனேஜர், நின்றுபோன பர்னரை மறுபடி பற்றவைக்கிற சிவப்புப் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், கைய எடுங்க! வெளிய வாங்க!"

"கடல்ல முங்கிட்டு ஒரு பஸ் ஆளுக ஈரத்தோட நிக்கிறாங்கப்பா. சுடுதண்ணி எங்கன்னு என் உசுர எடுக்குறாங்க."

"தீப் புடிக்கலன்னு அந்தச் செவப்பு வெளக்கு எரிஞ்சா அமுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? இப்பிடி அமுக்குனா நெசமாவே உசுரு போயிரும் சார்."

கேஸ் வால்வை அடைத்தேன். கதவு, சன்னலைத் திறந்து போட்டேன். வாடை போகும்வரை லைட் சுவிட்சைக்கூட யாரையும் தொடவிடவில்லை. அப்புறம் பார்த்தால், பர்னர் காற்று இழுக்கிற வாயில் செவ்வந்தி மாலை. இழுத்த இழுப்பில் இதழெல்லாம் கம்பி வலையில் அப்பிக்கிடந்தது. தீயைப் பார்க்கிற கண்ணாடியில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

வாட்ச்மேன் அண்ணன் பெருமையாக நின்றார். "எப்பிடி இருக்கு தம்பி? மோட்டாருக்கு ஒரு மொழம், இதுக்கு ரெண்டு மொழம்."

"ஒங்க மூக்குல ரெண்டு மொழம் பூவ அடச்சா மூச்சு விடுவீகளா?"

"நல்ல நாளும் அதுவுமா வாயப் பாரு!"

இதழ் இதழாகப் பிடுங்கி, எல்லாம் சோதித்து, நீலத் தீ வந்தபோது பஸ் ஆட்கள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். திட்டு எனக்குத்தான்.

போன வருடம் முன்கூட்டியே அண்ணனிடம் கெஞ்சி வைத்தேன். மறுநாள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். "இந்தத் தடவ பர்னரத் தொடவே இல்ல தம்பி. சாமி சத்தியமா."

உண்மைதான். மாலை கதவில் தொங்கியது. பர்னர் சுத்தமாக இருந்தது. ஆனால், முந்தின வருடக் கூத்துக்கு அப்புறம் வாங்கி மாட்டிய, கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்று சுவரில் தரையோரமாக இருக்கிறது. இந்த கேஸ் கனமானது, கீழேதான் படியும் என்பதால் அங்கே வைத்திருக்கிறார்கள். அதன் துளை ஒன்றுகூடத் தெரியாமல் கெட்டிச் சந்தனம், நடுவில் பெரிய பொட்டு!

"அது சும்மாதான தம்பி கெடக்கு. ஒரு நாளாச்சும் சத்தம் போட்டுருக்கா?"

சந்தனத்தைச் சுரண்ட உட்கார்ந்தேன்.

அதனால்தான், இந்த வருடமும் பூசை முடியும்வரை அங்கேயே நிற்கப் போகிறேன். பொரிகடலையை எனக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.