நடுவில் விழுந்த பந்து

லாண்டிரியில் வாரம் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுகிறவள் ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டி உட்கார வேண்டாமா? அவள் உட்கார மாட்டாள். கடற்கரை மணலில் விழுந்து எழுந்தால்தான் அவளுக்கு வாரம் முடிந்த மாதிரி இருக்கும்.

கல்யாணமாகி வரும்வரை அவள் பந்தைத் தொட்டதுகூட இல்லை. கொக்கு மாதிரி வளர்ந்த நாத்தனாருக்குக் கைப்பந்து ஆட ஜோடி கிடைக்காத சமயம் அது. "அண்ணி, சும்மா வந்து நில்லுங்க, போதும்" என்று இழுத்துப் போனாள். சும்மா நின்றது அந்த ஒரு நாள்தான். குட்டையாக இருந்துகொண்டு மணலில் சுற்றிச் சுற்றிப் பந்தெடுத்ததில் "பம்பரம்" என்று பெயரே வாங்கிவிட்டாள்.

அந்தக் கடற்கரையில் முன்பெல்லாம் ஆண்கள் மட்டும் ஆடினார்கள், பக்கத்துக்கு ஆறு பேராக. ஆள் சேராத நாட்களில் இரண்டிரண்டு பேராக ஆடிப் பார்த்து, ருசி கண்டு, அதுவே நிலைத்துவிட்டது. இதில் மாற்றாள் கிடையாது. ஆட்டத்தின் நடுவே வெளியிலிருந்து யாரும் யோசனை சொல்லவும் கூடாது. இருக்கும் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கதை முடிந்தது.

அண்ணியும் நாத்தனாரும் அப்படித்தான் திருப்பிக்கொண்டிருந்தார்கள். வாஷிங் மெஷினில் மணல் அடைத்துத் தண்ணீர் இறங்காமல் நின்றுபோனது. உதறாமல் துணி போட்டது நீதான் என்று இவள் சொல்ல, நீங்கள்தான் என்று நாத்தனார் சொல்ல, அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது.

அதற்குள் போட்டி வந்துவிட்டது. ஜெயிக்கிற ஜோடிதான் வெளியூர்ப் போட்டிக்குப் போகும். இரண்டு வருஷமாக இதே இடத்தில் தோற்றார்கள். அடுத்த மாதம் நாத்தனார் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகிறாள். இதை விட்டால் இல்லை.

எதிரே பேக்கரிக்கார அக்காவும் தங்கையும். ஆரம்பத்தில் ஒன்றும் கெடவில்லை. வலையருகே நிற்கிற நாத்தனார், எந்தப் பக்கம் பந்தை மறிக்கப்போகிறேன் என்று முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவாள். விரலில் கோபம் தெரியவில்லை. சிக்கல் நடுவில் வருகிற பந்தில்தான். அதற்கு ஒருத்தி "எனக்கு" என்று குரல் கொடுத்தாக வேண்டும். யார் முதலில் வாய் திறப்பது?

பந்து இருவருக்கும் நடுவே பொத்தென்று விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. பேக்கரி அக்கா கண்டுகொண்டாள். அப்புறம் போட்ட பந்தெல்லாம் நடுவிலேயே.

"என்ன பம்பரம், வாய்க்குப் பூட்டு போட்டாச்சா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். சிரிப்பு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரு ஜோடியும் பக்கம் மாறும்போது நாத்தனார் வலையின் அந்தக் கோடியாகச் சுற்றிப் போனாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். 'திமிரைப் பாரேன்' என்று இவள் நினைத்தாள். தானும் இந்தக் கோடியாகச் சுற்றியது இவளுக்கு உறைக்கவில்லை.

இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி. பேக்கரி அக்கா பந்தைக் கையில் எடுத்தபோது பம்பரத்தின் மனசுக்குள் ஏதோ இளகியது. போகட்டும், சின்னவள்தானே, நாமே இறங்கி வருவோம்.

பந்து நடுவில் வந்தது.

"உனக்கு!" என்று கத்தினாள்.

"அண்ணி, உங்களுக்கு!" என்று அதே நொடியில் நாத்தனாரும் கத்தினாள்.

இருவரும் ஆளுக்கொரு அடி பின்வாங்கி இடம் விட்டார்கள். பந்து மணலில் உட்கார்ந்தது.

குழாயடியில் கால் கழுவும்போது அவளால் பொறுக்க முடியவில்லை. "ஆட்டம் பூரா ஊமையா இருந்துட்டு, அப்பத்தானா உனக்கு வாய் வரணும்?"

"நீங்க மட்டும் என்னவாம்? எனக்குன்னு சொல்லியிருந்தா குறைஞ்சா போயிருப்பீங்க?"

"விட்டுக்கொடுத்தேன்டி!"

"நானும்தான் விட்டுக்கொடுத்தேன்!"

வீட்டுக்கு வந்ததும் இருவர் துணியையும் கொல்லைப்புறத்துக்கு எடுத்துப் போய்ச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தாள். மணல் கொட்டிக்கொண்டே இருந்தது.

"இங்க வந்து பாரு! உன் துணியில எவ்வளவு மணல்! அன்னிக்கு மெஷினை அடைச்சது உன்னுதுதான்!"

"இல்லவே இல்ல, உங்களுது!" என்று உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது.