தீவில் நான் உட்கார்ந்த ஒரு நாள்

1. பின் கேட்

ஆரணியில் கண்ணமங்கலம் போகும் ரோட்டில் ஏ.சி. சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பல வருடம் மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் ஏ.சி. டெக்னீஷியனாக இருந்தேன். இது தெரிந்த பையன்கள் கடைக்கு வந்து சுற்றி வளைத்துக் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "அண்ணா, அங்க வேலையே லீவு மாதிரி இருக்குமாமே, நெசமா?"

படகு முதல் நாள் தீவின் படகுத்துறையை நெருங்கியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி ஒரு தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. அடியில் கிடக்கும் மணல்கூடத் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள். அவர்களுக்குக் குளிர்ந்த டவலும் இளநீரும் கொடுத்தார்கள். நானும் பின்னாலேயே காலை எடுத்து வைத்தேன். ஒருவர் என் தோளைத் தட்டி, ஸ்டாஃப் எல்லாம் அந்தப் பக்கம் என்று கை காட்டினார். படகு தீவைச் சுற்றிக்கொண்டு போய் எங்களைப் பின்பக்கம் இறக்கிவிட்டது. அங்கே ஜெனரேட்டர் சத்தம், டீசல் நாற்றம், குப்பை எரிக்கும் இடம், ஒரு உயரமான மதில். மதிலுக்கு இந்தப் பக்கம் 'பேக் ஆஃப் ஹவுஸ்', அந்தப் பக்கம் 'கெஸ்ட் ஏரியா'. ஒரு தீவுக்குள் இரண்டு தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் பக்கத்தில் ஏ.சி. வேலை என்றால் உப்போடு மல்லுக்கட்டுவது. அவுட்டோர் யூனிட்டின் காயிலை உப்புக்காற்று அரித்துத் தின்றுவிடும். இன்று கழுவினால் நாளை மறுபடி வெள்ளை படிந்திருக்கும். வில்லாக்களில் மெஷின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, ஓலைக்கூரைக்குக் கீழே இருக்கும். அந்தச் சந்துக்குள் ஊர்ந்து போய்த்தான் வேலை செய்ய வேண்டும். கெஸ்ட் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து நுழைய வேண்டும், வருவதற்குள் மறைந்துவிட வேண்டும். எங்கள் சீஃப் இன்ஜினியர் அடிக்கடி சொல்வார்: ஏ.சி. ஓடுவது கெஸ்ட்டுக்குத் தெரியலாம், அதை ஓட்டுகிறவன் தெரியக்கூடாது.

2. போட்டோ செய்த வேலை

வார லீவு நாளில் ஸ்டாஃபுக்கென்று ஒதுக்கிய துண்டுக் கடற்கரையில் போய் நிற்போம். போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவோம். அதில் நீலக் கடல், வெள்ளை மணல், பல்லைக் காட்டிக்கொண்டு நான். மெஷின்கள் ஓடும் பிளான்ட் ரூமையும் பங்க் கட்டிலையும் எவனாவது போட்டோ எடுத்து அனுப்புவானா?

அதனால் ஆரணியில் என் பெயர் மாறிப்போனது. லீவில் வந்தால் போதும். "வாப்பா டூரிஸ்ட்" என்பார்கள். சர்ச் வாசலில் ஆரம்பித்து மார்க்கெட் வரை இதே பேச்சு. வருஷம் முழுக்க லீவில் இருக்கிறவனுக்கு எதற்கு இன்னொரு லீவு என்று என் மைத்துனன் ஆள் தவறாமல் சொல்லிவைத்தான்.

ஊர் சொல்வதைக் கேட்டுச் சிரித்துவிடலாம். என் மனைவி எஸ்தரும் அப்படியே நம்பியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் பட்டுத்தறி நெய்கிறவள். விடிந்ததும் தறிக்குழியில் காலை இறக்கினால் வெளிச்சம் போகிறவரை எழுந்திருக்க மாட்டாள். அடுத்த கான்ட்ராக்ட் போடாமல் ஊருக்கே வந்து கடை வைக்கப்போகிறேன் என்று ஃபோனில் சொன்னேன்.

"ஊரே காசு குடுத்து போற எடத்துல உங்கள சம்பளம் குடுத்து வச்சிருக்காங்க. அங்க இன்னா கஷ்டம் உங்களுக்கு?" என்றாள்.

எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. சொல்லச் சொல்ல, வேலைக்கு உடம்பு வணங்காதவன் சாக்கு சொல்வது போல எனக்கே கேட்டது. அவளுக்குப் பிடிக்காமல் வந்து கடை வைத்தால் அந்தக் கடை விளங்குமா? கான்ட்ராக்ட் வேண்டாம் என்று வரவும் முடியாது, சரி என்று அங்கேயே இருக்கவும் முடியாது. பெரிய பேஜாராகிவிட்டது.

அப்போதுதான் ஆபீஸில் ஒரு சலுகை சொன்னார்கள். நீண்ட நாள் வேலை செய்தவர்கள் மனைவியை அழைத்து வந்து மூன்று நாள் கெஸ்ட்டாகவே தங்கலாம். அது முடிந்ததும் கான்ட்ராக்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். எஸ்தரிடம் சொன்னேன். "நான் வந்து பாக்கறேன். பாத்துட்டு சொல்றேன். அப்புறம் நான் சொல்றத கேக்கணும்" என்றாள். ஒத்துக்கொண்டேன். தறியில் இருந்த சேலையை நெய்து முடித்து அறுத்துக் கொடுத்துவிட்டு, மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பி வந்தாள்.

3. தீவே எனக்கு எதிராக

கெஸ்ட்டாகத் தங்குகிறவனுக்குச் சில சட்டங்கள் உண்டு. அந்த மூன்று நாளும் மதிலுக்குப் பின்னால் ஸ்டாஃப் பக்கம் போகக்கூடாது. டூல்ஸைத் தொடக்கூடாது. நாம் கெஸ்ட், நம்மோடு வேலை செய்கிறவர்கள் நம்மை அப்படித்தான் நடத்த வேண்டும். என் ரூமையும் பிளான்ட்டையும் அவளுக்குக் காட்டிவிடலாம் என்று நான் போட்டிருந்த கணக்கு படகுத்துறையிலேயே அவுட்.

குளிர்ந்த டவல் வந்தது. இளநீர் வந்தது. எங்களைப் பேட்டரி வண்டியில் ஏற்றி, கடலுக்கு மேலே கால் ஊன்றி நிற்கும் வில்லாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அன்று பார்த்துக் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. எஸ்தர் படுக்கையைத் தொட்டுப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இத வுட்டுட்டா ஆரணி வெயில்ல வந்து கடை வைக்கறேன்றீங்க?"

நான் வேலை செய்த தீவு இது இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

4. எஸ்தர் திறந்த கதவு

மறுநாள் காலை டிபனுக்குக் கிளம்பினோம். நான் முன்னால் போய்விட்டேன். பின்னால் வந்த எஸ்தர், கடல் பக்கத்துக் கண்ணாடிக் கதவு முழுவதையும் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஏ.சி. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பட்டு நெய்கிற வீட்டில் தறிக்கு மேலே ஃபேன் போட மாட்டார்கள். தறியில் கட்டிய பாவு நூல் மேல் காற்று அடித்தால் இழை காய்ந்து அறுந்துபோகும். வியர்த்துக் கொட்டினாலும் அப்படியே உட்கார்ந்து நெய்வார்கள். சில்லென்று காற்று வீசும் ரூமில் இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏ.சி.யை நிறுத்த பட்டன் எங்கே என்று தெரியவில்லை. கதவைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறாள்.

சாப்பிட்டுத் திரும்பி வந்தால் சீலிங் கிரில்லிலிருந்து சொட்டுச் சொட்டாகப் படுக்கையில் தண்ணீர். மரத்தரை முழுக்க ஈரம். கடல்காற்றின் ஈரம் குளிர்ந்த டக்ட் குழாயில் பட்டால் தண்ணீராகிச் சொட்டும். கதவைத் திறந்து வைக்கிற கெஸ்ட்டை எல்லாம் மனதுக்குள் நான் திட்டாத திட்டு கிடையாது. இப்போது என் பெண்டாட்டியே. தலையில் அடித்துக்கொண்டேன். கை தானாக ஏணியைத் தேடியது. சட்டம் ஞாபகம் வந்ததும், கெஸ்ட் மாதிரியே இன்ஜினியரிங்குக்கு ஃபோன் செய்தேன்.

வந்தவன் ஏழுமலை. போளூர்ப் பையன். இந்த வேலைக்கு அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். என் ரூமில்தான் இருந்தான். நான் கீழ்க் கட்டில், அவன் மேல் கட்டில். இருபத்துநாலு மணி நேரமும் "தாஸ்ணா, தாஸ்ணா" என்று என்னைக் கூப்பிட்டு வாய் ஓயாதவன். அவன் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலத்தை எஸ்தர் பையில் வைத்திருந்தாள். ஏழுமலை வாசலில் நின்று நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்தான்.

"குட் மார்னிங் சார். குட் மார்னிங் மேடம்."

எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடா ஏழுமல, மேடமாம்" என்றாள். அவன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் டியூட்டி மேனேஜர் நின்றிருந்தார்.

ஏழுமலை சீலிங் மூடியைக் கழற்றிக்கொண்டு உள்ளே ஊர்ந்து போனான். கீழேயிருந்து பார்த்தால் அவன் உள்ளங்கால் மட்டும் தெரிந்தது. அந்த நேரத்தில் உள்ளே எப்படி வேகும் என்று எனக்குத் தெரியும். நான் எழுந்து ஏணியைப் பிடிக்கப் போனேன். மேனேஜர் சிரித்த முகத்தோடு என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். வேலை செய்ததைவிட அப்படி உட்கார்ந்திருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இறங்கி வந்தபோது அவன் சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும். தலையெல்லாம் ஓலைத்தூசி. எஸ்தர் பதறிப்போய்க் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருப்பா. ரெண்டு வாய் குடிச்சிட்டு போ."

"வேணாங்க மேடம்."

"யாருடா மேடம்? உக்காருடா."

"உக்காரக்கூடாதுங்க" என்றான், குரலைத் தாழ்த்தி. மேனேஜரைப் பார்க்காமலே சொன்னான்.

பிறகு வழக்கமாக நாங்கள் செய்வதைச் செய்தான். ஏணியை வெளியே வைத்துவிட்டு, துணியை எடுத்துக் குனிந்து, தான் நின்ற இடத்திலிருந்து பின்பக்கமாகவே நடந்துகொண்டு, தன் காலடியை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வாசல் வரை போனான். ஒருவன் வந்து போன அடையாளமே ரூமில் இல்லை. நெஞ்சில் கை வைத்தான், போய்விட்டான். முறுக்குப் பொட்டலம் எஸ்தர் கையிலேயே இருந்தது.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீங்களும் இப்படித்தானா?"

"தெனமும்."

"பின்னால நடந்துகினேவா?"

"ஆமா."

எனக்கு அழுகை வந்தது. அத்தனை வருடம் வராத அழுகை. அவள் பக்கத்தில் வந்து என் தலையில் கை வைத்தாள்.

"கையெழுத்து போடாதீங்க. ஊருக்கு வந்துடுங்க, கடை வைக்கலாம். நான் இருக்கேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா இன்னிக்கு முழுக்க நீங்க எதுக்கும் எழுந்துக்கக்கூடாது. தோ அந்த சேர்ல போயி உக்காருங்க" என்று வெளியே கடலைப் பார்த்துப் போட்டிருந்த சாய்வு நாற்காலியைக் காட்டினாள்.

அந்த மாதிரி நாற்காலிகளை நான் எத்தனையோ முறை நகர்த்தி வைத்துவிட்டு யூனிட் கழுவியிருக்கிறேன். அன்றுதான் அதில் உட்கார்ந்தேன். பொழுது சாய்கிறவரை நான் எழுந்திருக்கவே இல்லை. நடுவில் பக்கத்து வில்லா யூனிட்டில் பேரிங் தேய்கிற சத்தம் கேட்டது. எழப்போனேன். எஸ்தர் முறைத்தாள், அடங்கிவிட்டேன். எத்தனையோ வருடத் தீவு வாழ்க்கையில் எனக்கு லீவு என்றால் அந்த ஒரு நாள்தான்.

கிளம்பும்போது ஏழுமலை படகுத்துறையில் வரிசையாகக் கையசைக்கிறவர்களோடு நின்றான். எஸ்தர் எல்லார் முன்னாலும் நேராகப் போய்ப் பொட்டலத்தை அவன் கையில் வைத்து, "உங்க அம்மா குடுத்தாங்க" என்று மட்டும் சொன்னாள். கான்ட்ராக்டுக்குப் பதில் சொல்லப் போனபோது, சூப்பர்வைசர் போஸ்ட் தருகிறோம், யோசித்துச் சொல் என்றார்கள் ஆபீஸில். யோசிக்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

5. கேட்கிற பையன்களுக்கு

நான் யாரையும் போகாதே என்று தடுப்பதில்லை. காயில் கழுவுவதிலிருந்து பி.சி.பி. போர்டு பார்ப்பதுவரை எனக்குச் சோறு போடும் தொழில் அங்கே கற்றதுதான். போங்கள், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். வெயிலும் கடலும் அங்கே இன்னொருவர் லீவுக்கான சாமான்கள். நாம் அதைத் துடைத்து வைக்கப் போகிறோம். அது தெரிந்து போகிறவன் நிலைத்து நிற்பான். உங்கள் வீட்டிலும் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கடை திறந்ததும் எனக்கு வந்த முதல் வேலை, பஜாரில் ஒரு பட்டு ஜவுளிக்கடை ஏ.சி. கேஸ் லீக். முடித்துவிட்டு ஏணியை வெளியே வைத்தேன். முதலாளியம்மா கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, எதுக்கு தரைய தொடச்சிகினே பின்னால போறீங்க?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். துணி என் கையில் இருந்தது.

"பொண்ணு பெருக்கிக்கும், வுடுங்க. இப்பிடி வந்து உக்காருங்க, டீ சொல்லியிருக்கேன்" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

துணியைப் பையில் போட்டுவிட்டு, நேராக நடந்து போய் உட்கார்ந்தேன்.