ஐந்து வெள்ளிக்கிழமைகளும் ஒரு அரைப்பல்லும்

போன மாதம் ஒரு முறுக்கைக் கடித்தேன். முறுக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினோரு வருடங்களாக என் முன்பல்லில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டுதான் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த அம்மா பதறிவிட்டாள்.

"ஐயையோ, பல்லு போச்சா?"

"இது பல்லு இல்லம்மா, ஒட்டு."

"ஒட்டா? எப்ப ஒட்டுனது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த விஷயம் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது என்று.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் இருந்தார்; மாதத்துக்கு ஒருமுறை வந்து, நன்றாகத் தூங்கிவிட்டுத் திரும்பிப் போவார். நான் மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரையில் சித்தி வீட்டில் வளர்ந்தேன். சித்திக்கும் சித்தப்பாவுக்கும் பிள்ளைகள் இல்லை. ஆகவே அந்த வீட்டில் பிள்ளை, வளர்ப்புப் பிராணி, தலைவலி ஆகிய மூன்று வேலைகளையும் நான் ஒருவனே பார்த்துவந்தேன்.

விமானம் ஏறப் புறப்பட்ட அன்று அம்மா வேன் படியில் ஒரு காலை வைத்தபடியே சித்தியிடம் சொன்னாள்: "இந்தா பாரு, ஒன்ன நம்பித்தான் புள்ளைய விட்டுட்டுப் போறேன். விழுந்தான், ஒடச்சிக்கிட்டான்னு ஏதாவது கேள்விப்பட்டேன், அடுத்த நாளே கண்டியில போர்டிங்ல சேர்த்துருவேன்."

அன்றிலிருந்து சித்தி என் தட்டில் மீனை வைக்குமுன் முள்ளை இரண்டு தடவை பார்ப்பாள். போர்டிங்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் விடியற்காலையில் பச்சைத்தண்ணீரில் குளியல், மூன்று வேளையும் பருப்பு என்பதுதான். பயப்பட அது போதுமாயிருந்தது.

சித்தி ஒரு ஸ்பைஸ் கார்டனில் வேலை பார்த்தாள். காய்ந்த சாதிக்காயைச் சாக்கில் வீட்டுக்கும் கொண்டுவந்து, சின்ன மரச்சுத்தியலால் ஓட்டைத் தட்டி உடைத்துப் பருப்பை எடுப்பாள். சித்தப்பா த்ரீவீலர் ஓட்டினார். சோடா மூடியைப் பல்லால் திறப்பது அவருடைய தனித்திறமை; அதை ஊரே பார்க்கும்படி செய்வார். இந்த இரண்டு தொழில்நுட்பங்களையும் ஒன்றுசேர்த்த முதல் ஆள் நான்தான்.

பக்கத்து வீட்டில் என் வயதுச் சிங்களப் பையன் ஒருவன் இருந்தான். பாதி தமிழும் பாதி சிங்களமுமாகப் பேசிக்கொள்வோம். சித்தப்பா மூடி திறப்பதை அவன் வாயைப் பிளந்து பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை. "மூடி எல்லாம் லேசுடா. நான் சாதிக்காயவே ஒடப்பேன்" என்றேன்.

"ஒனக்கு ஏலாது."

"என்னா பந்தயம்?"

"அஞ்சு வெரளுக்காய்."

உப்பு மிளகாய் போட்ட, நாக்கில் எச்சில் ஊறவைக்கும் அந்தப் புளிப்புக் காய் அவன் கையிலேயே இருந்தது. சாதிக்காயை முன்பற்களுக்கு நடுவில் வைத்துக் கண்ணை மூடிக் கடித்தேன். 'டக்' என்று சத்தம். வென்றுவிட்டேன் என்று இரண்டு கைகளையும் தூக்கினேன். கண்ணைத் திறந்தால் அவன் முகம் சரியாக இல்லை. சாதிக்காய் முழுசாக இருந்தது. நாக்கு போய்த் தடவிப் பார்த்தது. காலையில் சுவராக இருந்த இடத்தில் இப்போது ஜன்னல் இருந்தது.

உடைந்த துண்டு ஓர் அரிசி அளவில் காலடியில் கிடந்தது. நான் அழுததைப் பார்த்து அவன் வெரளுக்காய் ஐந்தையும் எனக்கே கொடுத்துவிட்டு ஒரு வழியும் சொன்னான். "கூரைல வீசுடா. அணிலு அத எடுத்துக்கிட்டு வேற பல்லு தரும்." அவர்கள் வீட்டில் விழுந்த பல்லை எல்லாம் அப்படித்தான் அணிலிடம் ஒப்படைப்பார்கள். அவனுக்கு நான்கு பற்கள் திரும்பி வந்ததை நானே கண்ணால் கண்டிருக்கிறேன். பாற்பல்லுக்குத்தான் அந்த ஏற்பாடு என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று அவன் சிங்களத்திலும் நான் தமிழிலும் அணிலை வேண்டிக்கொண்டு, துண்டைத் தகரக் கூரைமேல் எறிந்தோம்.

வேலை விட்டு வந்த சித்தி என் வாயைப் பார்த்ததும் சாதிக்காய்ச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னை அடிக்கவில்லை. "அக்காவுக்குத் தெரிஞ்சா ஒன்னைய கூட்டிட்டுப் போயிருவாங்கடா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சித்தப்பாவின் த்ரீவீலரில் மாத்தளையில் உள்ள பல் கிளினிக்குக்குப் போனோம். அங்கே பல் பார்க்கிற மிஸ் என் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல. ஒடஞ்ச துண்டு எங்க? அது இருந்தா இன்னைக்கே ஒட்டிரலாம்" என்றார்.

சித்தி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"அணிலுக்குக் குடுத்துட்டேன் மிஸ்."

முகக்கவசத்துக்குள் மிஸ் சிரித்தது தோள் குலுங்கியதில் தெரிந்தது. துண்டு கிடைத்தால் ஓடி வரச் சொன்னார். கிடைக்காவிட்டால் பல் நிறத்தில் பூசி அடைக்கலாம், ஆனால் அதற்கு ஆட்கள் வரிசையில் இருக்கிறார்கள் என்று அட்டையில் ஐந்து கிழமை, அதாவது ஐந்து முழு வாரம், தள்ளித் தேதி எழுதினார்.

அன்று பின்னேரம் சித்தப்பா கூரையில் ஏறினார். தகரத்தையும் மழைத்தண்ணீர் வடியும் பீலியையும் கழுவிவிட, கீழே சித்தி மா அரிக்கும் அரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காக்கை எச்சம், பலா இலை, நான் எப்போதோ தொலைத்த பூப்பந்து எல்லாம் வந்தன. பல் வரவில்லை. "களவாணி அணிலு" என்று சித்தப்பா இறங்கிவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மாவுக்கு ஓய்வு கிடைப்பதும், சித்தப்பாவின் போனில் முகம் பார்த்துப் பேசுவதும் அந்த ஒரு நாளில்தான். சாமிப் படத்துக்கு முன்னால் மூவரும் ஒரு முடிவெடுத்தோம். "அஞ்சே கிழமைதான். வாயத் தொறக்காத" என்றாள் சித்தி. நான் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தேன். என் வாழ்க்கையில் ஒழுங்காகக் காப்பாற்றிய ஒரே சத்தியம் அதுதான்.

முதல் வெள்ளிக்கிழமை சுலபமாகப் போனது. சாப்பிட்டியா என்றால் ம். படிச்சியா என்றால் ம். உதட்டைப் பிரிக்காமலே ஒரு குடும்பம் நடத்தலாம் என்று அன்று கண்டுபிடித்தேன்.

இரண்டாவதற்குச் சித்தி மெழுகுதிரியை உருக்கி, பல் மாதிரி உருட்டி ஒட்டிவிட்டாள். நான் மறந்துபோய்ச் சூடாகப் பிளேன்டீ குடித்தேன். பல் கரைந்து தொண்டைக்குள் இறங்கியது. மறுபடியும் ம்.

மூன்றாவதில் சித்தப்பா புத்தி கெட்டுப்போய் ஒரு பகிடி விட்டார். நான் சிரிப்பை விழுங்கிய விழுங்கலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அம்மா பார்த்தாள்.

நான்காவது வெள்ளிக்கிழமை அம்மா கேட்டாள்: "அம்மா மேல கோவமா தம்பி?"

ம் என்றால் கோபம் என்றாகிவிடும், இல்லை என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். நான் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தேன். போனுக்குப் பின்னால் நின்ற சித்தி, பிரமாதம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஐந்தாவது தடவை அம்மா எதுவும் கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் நின்றுவிட்டது என்று நினைத்துச் சித்தப்பா போனை இரண்டு தட்டுத் தட்டினார். அப்புறம் அம்மா கண்ணைச் சிமிட்டியதைப் பார்த்துத்தான் லைன் இருக்கிறது என்று தெரிந்தது.

அதற்கடுத்த புதன்கிழமை மிஸ் பல்லைப் பூசி அடைத்துவிட்டார். அச்சு அசல் பழைய பல். இரண்டு நாள் கண்ணாடியைவிட்டு நான் அசையவில்லை. ஆறாவது வெள்ளிக்கிழமை போன் அடித்ததும் நானே பாய்ந்து எடுத்து, இருந்த பற்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டினேன். ஐந்து கிழமைப் பேச்சையும் சேர்த்துக் கொட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எங்கள் மூவருக்கும் உயிர் போய் வந்தது. "என்னாக்கா?" என்றாள் சித்தி.

"ஒண்ணுமில்லடி. புள்ள நல்லா இருக்கான்."

அம்மாவுக்குத் தெரியவில்லை! அன்று சித்தப்பா ஊர்வலம் போல எங்களை த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டுபோய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். இரண்டு கிழமை கழித்து, அம்மா இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்கப் போவதாகச் செய்தி வந்தது. அன்று நான் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். சித்தி என்னைச் சமாதானப்படுத்தினாள். அதற்கும் பல்லுக்கும் தொடர்பிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் இதையெல்லாம் நான் நடித்தே காட்டினேன். மெழுகுப் பல் இடத்தில் அம்மா சிரித்தாள். நான்காவது வெள்ளிக்கிழமையில் சிரிப்பு நின்றது. உடைந்த ஒட்டை என் கையிலிருந்து எடுத்து, விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கே மேடங்கிட்ட சொல்லிட்டேன்டா, நான் ஊருக்குப் போறேன்னு. புள்ள சிரிக்கவே மறந்துட்டான், இனி இங்க எனக்கு என்னா வேலைன்னு. அடுத்த கிழமை பொட்டியும் கட்டியாச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? நீதான் சிரிச்சியே. பொட்டிய அவுத்துட்டேன்."

அன்று மாத்தளை டவுனில், சித்திக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, புதுப் பல்லில் படாமல் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே நான் நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.