பவானி சொன்ன தவளைக் கதை

திருத்தணியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு நான் டீச்சர். மழைக்காலம் என்பதால் அன்று 'த' எழுத்தோடு, மழையைக் கண்டு குதூகலிக்கும் தவளையின் கதையும் சொன்னேன். பவானி மட்டும் வழக்கம்போல் வாயே திறக்கவில்லை. வீட்டில் அவர்களுக்குத் தெலுங்கு. இன்னொரு வருஷம் இதே வகுப்பில் இருக்கட்டும் என்று சொல்வதற்காக, விசைத்தறி ஓட்டும் அவள் அப்பாவை மாலையில் வரச் சொல்லியிருந்தேன்.

மதியம் வானம் இருண்டு பேய்மழை பிடித்தது. திடீரென்று பெரிய சத்தத்தோடு கூரைத் தகடு ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. பிள்ளைகள் அலறியபடி வாசலுக்கு ஓடினார்கள். வெளியே தேங்கிய தண்ணீரில் மின்கம்பி அறுந்து கிடந்தது. பதறிப்போய்க் கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றேன்.

"யாரும் வெளிய போவாதீங்க!"

என் குரல் நடுங்கியதைக் கேட்டு அவர்கள் இன்னும் பயந்து என்னை முட்டினார்கள். கதவின் தாழ்ப்பாள் நழுவத் தொடங்கியது.

அப்போதுதான் பிள்ளைகளுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"வானொஸ்தே கப்பக்கி பண்டக!"

மழை வந்தால் தவளைக்குப் பண்டிகையாம். பவானி என் கதையைத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே தத்தித் தத்திக் குதித்தாள். ஒரு குழந்தை சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகக் கதவை விட்டு அவள் பின்னால் தாவிப் போனார்கள்.

மின்வாரியத்தார் வந்து கம்பியை அகற்றிய பிறகு அவள் அப்பா நனைந்தபடி வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"வீட்லயும் பொழுதினிக்கும் உங்க கதையதாங்க சொல்லிகினு இருக்குது. எதுக்கு மிஸ் வரச் சொன்னீங்க?"

இத்தனை நாளும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்.