கை நீட்டினால்தான் முடிச்சு

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு நான் கடிதத்தோடு போய் நின்றபோது, காஜா முகைதீன் நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் சம்மதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கடிதம் பத்தரைக்கே நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு வந்துவிட்டது. டிரினிடாட் தீவிலிருந்து, இஸ்மே என்ற மூதாட்டியின் மகள் எழுதியது. அம்மா தூக்கத்திலேயே இறந்துவிட்டாள் என்று இரண்டாவது வரியில் இருந்தது. காஜாவுக்கு ஆங்கிலம் பேச வரும், வாசிக்க வராது. எட்டு வருடமாக இஸ்மேயின் கடிதங்களை வாசித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் என் வேலை.

"இருங்க சார்வாள். மேடம் இன்னும் முடிவு சொல்லல" என்றார் என்னைப் பார்த்து.

மேடம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். பச்சைக் கண்ணாடிப் பாசிச் சரம் தயாராக இருந்தது. தாய் தவித்தாள். "கட்டிவிடுங்க பாய். நான் கையைப் புடிச்சுக்கிடுதேன். பஸ்ஸு போயிரும்."

"புடிச்சுக் கட்டுனா அது விலங்குல்லா தாயி. அவளா நீட்டட்டும்."

முன்னீர்பள்ளம் பஸ் வந்தது, நின்றது, போனது. நான் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன்.

மேலப்பாளையம் சந்தை முக்கில் தையல்கடை ஒன்றின் ஓரமாக இருக்கிறது அவருடைய மரப்பெட்டிக் கடை. நிக்காஹ்வில் மணப்பெண்ணுக்குக் கட்டும் கருகமணி கோர்ப்பதுதான் முக்கிய வியாபாரம். அது போக, சுற்று வட்டாரத்துப் பெண்கள் எல்லோரும் அவரிடம் பாசி வாங்குவார்கள். இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அந்தப் பழக்கம் விடவில்லை. பாசிகளை அஞ்சறைப்பெட்டியில் வைத்திருக்கிறார். கோர்த்த சரத்தை வெயிலில் தூக்கிப் பார்த்து, "மஞ்சள் கொஞ்சம் தூக்கலாப் போச்சு. ரெண்டு நீலத்தைப் போட்டு எறக்கிருவோம்" என்பார். அவசரப்படுகிறவர்களுக்கு ஒரே பதில்தான்: "தம்முல இருக்கு. இப்பம் தொறக்கப்படாது."

எண்பத்தேழில் ஏதோ தகராறில் அவருடைய கப்பலை டிரினிடாட் துறைமுகத்தில் நான்கு மாதம் நிறுத்திவைத்துவிட்டார்கள். காய்கறி வாங்கச் சந்தைக்குப் போனவர், வாசலில் ஒரு கறுப்பின மூதாட்டி குன்றிமணியில் கைச்சரம் கோர்ப்பதைப் பார்த்தார். "ஏ லாத்தா, இது எங்க ஊரு வேலியில கெடக்குல்லா!" என்று தமிழிலேயே கத்திவிட்டாராம். லாத்தா என்றால் அக்கா. அன்றிலிருந்து அவள் இஸ்மே லாத்தா.

அந்தத் தீவில் குன்றிமணிக்குப் பெயர் ஜம்பி மணி. "ஜம்பின்னா அங்கன பேயி சார்வாள். கறுப்புக் கண்ணு பேயைப் பாத்துக்கிடும், செவப்பு நம்மளப் பாத்துக்கிடும்னு லாத்தா சொல்லுவா." எங்கள் ஊரில் இதை வைத்துத் தங்கம் நிறுப்பார்கள், களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்பார்கள் என்று இவர் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். "பாவம், உன் ஊரில் இந்த விதைக்கு ஓய்வே கிடையாது போல."

நான்கு மாதமும் சாயங்காலங்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் படித்தார். முதல் பாடமே கடைசி முடிச்சுதான். அதை இவர் சொல்லும்போது மட்டும் கை வேலையை நிறுத்திவிடும்.

"அவ பாட்டனுக்குப் பாட்டனை ஆப்பிரிக்காவுல இருந்து கையைக் கட்டிக் கப்பல்ல ஏத்துனாங்களாம். கேட்டுட்டா கட்டுனான்? விலங்கு கெடந்த எடத்துலதான் நாங்க மணி கட்டுதோம், அதனால போடுதவ தானா கை நீட்டணும், நூலு மேல தன் வெரலை வைக்கணும், பெறவுதான் முடிச்சுன்னுட்டா. நானும் கப்பல்லதான் போனேன் சார்வாள். சம்பளத்துக்குல்லா போனேன்."

இந்தச் சட்டத்தை அவர் சந்தை முக்கில் வைத்து அமல்படுத்துவதுதான் வேடிக்கை. போன மாதம் துபாயிலிருந்து வந்த ஒருவர், மனைவிக்குத் தெரியாமல் ஒரு சரம் வாங்கிப்போக வந்தார். "அவுகளக் கூட்டிட்டு வாரும் வே" என்றார் காஜா. "அவ பிள்ளை பெத்துப் படுத்திருக்கா, காக்கா." காக்கா என்றால் அண்ணன். காஜா பெட்டியைப் பூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே நடந்தார். அறை வாசலில் திரை தொங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் இவர் நூலை நீட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து மருதாணி போட்ட ஒரு விரல் வந்து நூலைத் தொட்டது. முடிச்சு விழுந்தது. அந்த முகம் எப்படி இருக்கும் என்று காஜாவுக்கு இன்றுவரை தெரியாது.

"ஊரெல்லாம் காசை வாங்கிட்டுப் பொருளைக் கொடுக்காங்க. நீங்க வெரலைத் தேடி வீடுவீடாப் போறீங்க" என்பார் அவர் மனைவி ஆபிதா பீவி.

பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருமுறை, "காஜா, இது என்ன தாயத்தா?" என்று கேட்டிருக்கிறார். "இல்ல ஹஜ்ரத். தாயத்துன்னா அதுல்லா நம்மளக் காக்கணும்? இதை நாமதான் காக்கணும். வெறும் நூலு, தண்ணி பட்டா அந்துரும்." ஹஜ்ரத் சிரித்துக்கொண்டே போய்விட்டாராம்.

கப்பல் புறப்பட்ட அன்று இஸ்மே ஒன்று கேட்டாள். "உன் ஆற்றங்கரை மணியில் எனக்கு ஒரு சரம் அனுப்பு." அனுப்புகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். கருப்பந்துறையில் ஆற்றோர வேலியில் குன்றிமணி பொறுக்கினார். அதன் உள்ளே விஷம் என்பதால் குழந்தைகள் பக்கம் கொண்டுபோக மாட்டார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு துளை போடுவார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ டம்ளரைத் தொடமாட்டார். அப்படிக் கோர்த்த சரத்தைத் தபால் ஆபீஸ் குமாஸ்தா பூதலிங்கம் பிரித்துப் பார்த்தார்.

"வே பாய், இது விதை. வெளிநாட்டுக்குப் போகாது."

"மொளைக்கப் போற விதையில்ல அண்ணாச்சி. ஒரு கெழவி கையில கெடக்கப் போற விதை."

"கெழவி கையில கெடந்தா மட்டும் மொளைக்காதா?"

முளைக்காமல் செய்ய, அடுத்த சரத்துக்கான மணிகளை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தார். சிவப்பெல்லாம் வெளுத்துச் சுக்குத் துண்டு மாதிரி ஆனது. "பிள்ளையார் கண்ணை அவிச்சுக் கொண்டாந்திருக்கீரே, வே" என்று பூதலிங்கம் திருப்பிக் கொடுத்தார். விஷம் கொதித்த பானையை ஆபிதா பீவி குப்பையில் போட்டார். அந்தப் பானையைப் பற்றி இன்றும் பேச்சு நடக்கிறது.

இஸ்மே விடவில்லை. தன் மணிக்கட்டு அளவுக்கு ஒரு துண்டு நூலை உறையில் வைத்து அனுப்பினாள். எல்லாக் கடிதமும் "என் மணி எங்கே?" என்றே முடியும். அதற்குக் கீழே எனக்கும் ஒரு வரி இருக்கும்: "எழுதுகிற கைக்கு." என் தாய் இறந்த மாதம் நான் எழுதியதற்கு, "எழுதுகிற கைக்கு: இந்த முறை உன் வரிகள் கீழே இறங்குகின்றன. என்ன ஆயிற்று?" என்று கேட்டிருந்தாள். நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கடைசியில் வழி கிடைத்தது. தூத்துக்குடியில் கப்பல் ஏறும் மாரிக்கண்ணு என்ற மாலுமி, அடுத்த மாதம் அந்தத் தீவுக்கே போகிறான். தானே நேரில் கொடுத்து முடிச்சும் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். காஜா கொதிக்க வைக்காத மணியில் புதுச் சரம் ஒன்று கோர்த்துப் பெட்டிக்கு அடியில் வைத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முடிச்சு சொல்லிக் கொடுத்தார். "பைய இழுலே. இது நங்கூரத்துக்கு இல்ல."

இத்தனை நேரம் கையை ஒளித்து நின்ற குழந்தை திடீரென்று இடது கையை நீட்டினாள். வலது கை விரலைத் தானே நூலில் வைத்தாள். "வாங்க மேடம், வாங்க" என்று காஜா முடிச்சுப் போட்டார். தாய் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாள். குழந்தை கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே போனாள்.

"இப்பம் சொல்லுங்க. லாத்தா என்ன சொல்லுதா? மணி எங்கேங்காளா?"

நான் வாசித்தேன். இரண்டாவது வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இன்னா லில்லாஹி" என்று தொடங்கி, மரணச் செய்தி கேட்டால் சொல்லும் வாக்கியத்தை மெதுவாக முழுவதும் சொன்னார். பிறகு அஞ்சறைப்பெட்டியின் மூடியைத் துடைத்தார்.

"அவசரக்காரி. தம்முல இருக்கும்போதே எந்திரிச்சுப் போயிட்டா."

ஜும்ஆத் தொழுகைக்கு வெள்ளை ஜிப்பாவைக் கொண்டுவந்த ஆபிதா பீவியிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெட்டிக்கு அடியிலிருந்து இஸ்மேயின் சரத்தை எடுத்து நீட்டித் தன் விரலை நூல்மேல் வைத்தார்.

"நான் வைக்கேன். முடிச்சுருங்க."

காஜா அந்த விரலைப் பிடித்து மெல்ல எடுத்துவிட்டார். "உன் வெரலு வேற, புள்ள."

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மணி நழுவாமல் இருக்க நூலின் இரண்டு நுனிகளையும் ஒரு தீக்குச்சியில் சுற்றி, இஸ்மே அனுப்பிய அளவு நூலோடு சேர்த்துக் கருகமணிக் கொத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு தொழுகைக்குப் போனார்.

அது அங்கேதான் தொங்குகிறது. இருபத்தொன்பது மணியும் கோர்த்தாயிற்று. கடைசி முடிச்சு மட்டும் போடவில்லை.