தெற்கு வீதி முனையில் நின்ற தவில்

“ஆனித் திருமஞ்சன உற்சவம், 2004. சிதம்பரம், தெற்கு வீதி முனை. பி பக்கம்: தவில் தனி. நடுவில் சத்தம் நிற்கும். டேப் கோளாறு அல்ல.”

ஒரு கேசட்டின் உள்ளட்டையில் நீல மையில் என் தாய்மாமா எழுதி வைத்த குறிப்பு இது. சிதம்பரத்தில் தாலுகா ஆபீஸ் கிளார்க்காக இருந்தவர். எதை எழுதினாலும் தேதி போடுவார். இதில் மட்டும் போடவில்லை. உற்சவத்தின் எத்தனையாவது நாள் என்று பின்னால் கேட்டபோது அவருக்கும் நினைவில்லை. ஆண்டையும் மாதத்தையும் நம்பலாம், அந்த மாலை நானும் அங்கே இருந்தேன். அதே ஆண்டு டிசம்பரில்தான் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த ஆண்டின் எந்த நினைவையும் கடலுக்கு முன், கடலுக்குப் பின் என்று பிரித்துவிடலாம். இது முன்.

எனக்குக் கல்யாணமாகி ஓராண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நானும் கணவரும் உற்சவம் பார்க்கப் போயிருந்தோம். மாமா டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டி, மைக்கை ஒரு குடையின் கைப்பிடியில் கட்டி, கூட்டத்தின் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றார்.

“யோவ், குடைய எறக்குய்யா. சாமி தெரியல” என்றார் பின்னால் ஒருவர்.

“மழ பேஞ்சா நீதான்யா இதுக்குள்ள வந்து நிப்ப” என்றார் மாமா, திரும்பாமலே.

வீதி முனையில் ஊர்வலம் நின்றது. நாதஸ்வரம் ஓய்ந்து தவில் தனியாக எடுத்தது. வாசித்தவர் மேல்பட்டாம்பாக்கம் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஒல்லியான மனிதர். அவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்து நான் பார்த்ததில்லை. சிறு வயதில் சில ஆண்டுகள் பாட்டு கற்றவள் என்பதால் தொடையில் தாளம் போட்டபடி கேட்டேன். வேகம் ஏறி, இனி ஏற இடமில்லை என்ற இடத்தில் அவர் நிறுத்தினார். வலது கை தோலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றது. பக்கத்தில் ஜால்ராவில் தாளம் போட்டவர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அவரும் நிறுத்திவிட்டார். என் விரல்கள் மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தன. தாளத்தின் ஒரு முழுச் சுற்றான ஆவர்த்தனம் கடந்து, அதற்கு மேலும் போயிற்று. பிறகு, எந்த இடத்தில் விழ வேண்டுமோ அந்த இடத்தில், என் விரலோடு சேர்ந்து அவர் கை விழுந்தது.

அன்று வீடு திரும்பியதும் அதை மறந்துவிட்டேன். திரும்ப நினைத்தது இரண்டு ஆண்டுகள் கழித்து.

2006 ஆகஸ்டில் நான் நான்கு மாதக் கர்ப்பிணி. உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாற்று ஆசிரியை. என் வகுப்பு மாடியில். ஒரு நாள் (செவ்வாய்க்கிழமை என்று நினைவு, என் டைரி புதன் என்கிறது) படியில் பாதியில் நின்றுவிட்டேன். மூச்சு வெளியே போகிறது, உள்ளே வரவில்லை. கடலூரில் ஒரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவே இல்லை.

“சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கி காய்ச்சல் வந்துச்சாம்மா?”

என் அம்மாவைப் பார்த்தேன். “எல்லாப் புள்ளைக்குந்தான் காய்ச்சல் வருது. இதுக்குன்னு தனியா இன்னா வந்துச்சு?” என்றார் அம்மா. பிறகு வெளியே ஆட்டோவில் ஏறும்போது மெதுவாகச் சொன்னார்: “நாலாவது படிக்கும்போது ஒரு மாசம் நடக்காம கெடந்த.”

இதயத்தின் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. சின்ன வயதில் வந்த அந்தக் காய்ச்சல் விட்டுச்சென்ற கோளாறு அது. வயிற்றில் பிள்ளை வளர வளர உடம்பில் ரத்தம் கூடும், சுருங்கிய வழியில் அத்தனையும் போகாது, நுரையீரலில் தேங்கும் என்று டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மாத்திரைகளும் மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசியும் எழுதிக் கொடுத்தார். அதோடு இதயம் அவ்வப்போது ஒரு துடிப்பைத் தவறவிட்டது. “அது ஒண்ணும் பெரிசில்ல. பயப்பட வேண்டியது வால்வுக்குத்தான்” என்றார். எதற்குப் பயப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டால் பயம் சொன்ன இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளுமா? வால்வு எனக்குத் தெரியவில்லை. தவறும் துடிப்பு தெரிந்தது.

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு மத்தியானங்களில் இடது பக்கமாகப் படுத்திருப்பேன். தலையணையில் காது அழுந்தும்போது துடிப்பு கேட்கும். ஒழுங்காகப் போய்க்கொண்டே இருந்து ஒன்று வராது. அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. நான் அசையாமல் கிடப்பேன். அடுத்தது வருமா? வரும், நெஞ்சுக்கூட்டை உள்ளிருந்து குத்துவதுபோல. வந்த பிறகும் அடுத்த இடைவெளிக்காகக் காத்திருப்பேன். அந்த நாட்களில் யாராவது கூப்பிட்டால்கூடப் பதில் சொல்ல நேரமாகும். கவனம் உள்ளே இருந்தது. வயிற்றில் பிள்ளை அசைந்தால் சந்தோஷப்படத் தோன்றாது. இதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சுருங்கிய ஒரு வழி என்று தோன்றும்.

அப்படி ஒரு மத்தியானம்தான் தெற்கு வீதி முனை நினைவுக்கு வந்தது. காற்றில் நின்ற கை. மாமாவுக்குப் போன் செய்தேன். மறுநாளே சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து கேசட்டோடு வந்துவிட்டார்.

“மாப்ள, இவளுக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கியாரலாம்னு பாத்தா, தவிலு கேக்குறா” என்றார் என் கணவரிடம்.

“பழம் வாங்கினா காசாவும்னு நீங்களே கேசட்ட எடுத்துக்கினு வந்திருப்பீங்க மாமா.”

“அடப்பாவி, பஸ்சுக்கு காசு குடுத்தது யாரு?”

தினமும் கேட்டேன். பி பக்கத்தை மட்டும். அந்த இடைவெளியில் டேப்பில் இரண்டு ஜால்ராத் தட்டு கேட்கும், ஒரு குழந்தையின் அழுகை, தூரத்தில் ஐஸ் வண்டி மணி, பிறகு ஒன்றுமில்லை. நான் எண்ணுவேன். ஒவ்வொரு முறையும் அவர் கை சரியான இடத்தில் விழும். நான் புத்தகங்களில் வளர்ந்தவள், சகுனம் பார்ப்பவள் அல்ல. ஆனாலும் எனக்குள் ஒரு வாக்கியம் உருவாகிவிட்டது: நிறுத்தியவருக்குத் தெரியும். எங்கே நின்றிருக்கிறோம், எங்கே திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருப்பதால் அந்த வெறுமைக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. என் நெஞ்சில் ஒரு துடிப்பு தவறும்போது அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டேன். பயம் போகவில்லை. ஆனால் அந்த இடைவெளியில் செய்வதற்கு எனக்கு ஒரு வேலை கிடைத்தது.

“டாக்டர் மாத்திரைய விட தவிலுதான் ஜாஸ்தி டோஸ் போவுது” என்பார் கணவர். தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் என் கால் வீங்கியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். பார்ப்பது எனக்குத் தெரியக்கூடாது என்று செருப்பைத் தேடுவதுபோலக் குனிவார்.

அக்டோபரில் மாத்திரைகள் போதவில்லை. புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டு, அதன் நுனியில் உள்ள பலூனை ஊதி வால்வைத் திறப்பது. மயக்க மருந்து கிடையாது, தொடையில் மட்டும் மரத்துப்போக ஊசி. வயிற்றின் மேல் ஈயக் கவசம் போடுவார்கள். வால்வு கிழிந்துவிட்டால் உடனே நெஞ்சைத் திறக்க வேண்டிவரும், அப்போது பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று விளக்கி, கணவரிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

அன்று காலை வராந்தா பெஞ்சில் நானும் கணவரும் மாமாவும் உட்கார்ந்திருந்தோம். நான் கைகளைச் சேலைக்குள் மறைத்திருந்தேன். மாமா அதைப் பார்த்துவிட்டார். எனக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னார்.

“ஏம்மா பயப்படுற? அந்தத் தவில்காரர எடுத்துக்க. அன்னிக்கு தெற்கு வீதியில நிறுத்துனாரே, அது கணக்குக்காக நிறுத்துனது இல்லியாம். நெஞ்சு வலியாம். தாளக்காரன் போன மாசந்தான் எங்கிட்ட சொன்னான். கை தூக்குனது தூக்குனபடியே நின்னுடுச்சாம். இவன் பயந்துபோய் தாளத்தையே வுட்டுட்டான். அப்பவும் அந்த மனுசன் சரியா வந்து எடுத்தாரு பாரு! அதான் தைரியம்!”

கணவர் எழுந்து நின்றுவிட்டார். “மாமா, இத இப்பவா சொல்லணும்?”

“நல்லதுக்குத்தான் மாப்ள சொன்னேன்...”

“போய் டீ குடிச்சிட்டு வாங்க. போங்க மாமா.”

மாமா போகவில்லை. சட்டைப் பையில் கைவிட்டு எதையோ தேடிக்கொண்டு அங்கேயே நின்றார். நான் அந்த இரண்டு ஜால்ராத் தட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாகக் கேட்டதுதான். தாளக்காரர் லயித்துப்போய் நிறுத்தினார் என்று நினைத்திருந்தேன். ரசித்தவனின் தட்டு அப்படி அரைகுறையாக நிற்காது. அது பதறிய கை. டேப்பில் அது இருந்தது, நான்தான் வேறு மாதிரி கேட்டிருக்கிறேன். நிறுத்தியவருக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் அந்த வெறுமைக்குள் கணக்கு எதுவும் ஓடவில்லை. இந்த எண்ணம் முடிவதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது.

உள்ளே குளிர். தலைப்பக்கம் எங்கோ ஒரு கருவி என் துடிப்பைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இதுவரை எனக்கு மட்டும் கேட்டது, இப்போது அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. குழாய் உள்ளே ஏறும்போது வலியில்லை, யாரோ ஒரு நூலை இழுப்பதுபோல மட்டும் இருந்தது. பிறகு அந்தச் சத்தம் குழம்பியது. இரண்டு சேர்ந்து வந்தன, ஒன்று வரவில்லை.

“வெரல ஆட்டாதீங்கம்மா” என்றார் நர்ஸ். நான் தாளம் போட்டுக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

“இப்ப ஊதப் போறோம். இருமாதீங்க. மூச்ச அடக்காதீங்க” என்றார் டாக்டர்.

சத்தம் நின்றது. விளக்குகள் தூரமாகப் போயின. எண்ண முயன்றேன், எண் வரவில்லை. அந்த இடைவெளியில் என்னிடம் எந்த வாக்கியமும் இல்லை. கழுத்தில் அத்தனை கனத்தை மாட்டிக்கொண்டு, ஊர் பார்க்க, நெஞ்சில் வலியோடு கையைத் தூக்கியபடி நிற்கும் ஒரு மனிதர்தான் தெரிந்தார். அவரும் என்னைப் போலத்தான் மிரண்டிருந்தார். அவர் எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். பிறகு சத்தம் திரும்ப வந்தது. டாக்டர் யாரிடமோ, “நல்லா தொறந்துடுச்சி” என்றார். என் காதோரம் ஈரமாக இருந்ததை நர்ஸ் பஞ்சால் துடைத்தார்.

2007 ஜனவரியில் மகள் பிறந்தாள். ஆயுதம் போட்டு எடுத்தார்கள். நெற்றியில் அதன் தடம் ஒரு வாரம் இருந்தது.

தவில்காரர் 2009-இல் இறந்தார். ஒரு கல்யாணத்தில் யாரோ சொல்லித் தெரிந்தது. போய்ப் பார்த்துக் கேட்டிருக்கலாம். மகள், பள்ளி, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்று ஆண்டுகள் போய்விட்டன. தாளக்காரர் மலேசியாவில் ஒரு கோயிலில் வேலைக்குப் போய்விட்டதாக மாமா சொன்னார். முகவரி யாரிடமும் இல்லை. இந்த ஆண்டு, 2012 பிப்ரவரியில், கணவரோடு வண்டியில் தவில்காரர் ஊருக்குப் போனேன். டிசம்பர் கடைசியில் அடித்த புயலில் வழியெல்லாம் பலா மரங்கள் வேரோடு கிடந்தன. வீட்டின் கூரைக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. கரண்ட் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றார் அவர் மனைவி. நாங்கள் யாரென்று சொல்லி, அந்த மாலையைப் பற்றிக் கேட்டேன்.

“நெஞ்சு வலியா? அவருக்கா?” என்று சிரித்துவிட்டார். “சக்கர இருந்துச்சி, அதுலதான் போனாரு. நெஞ்சு வலின்னு ஒரு நாளும் சொன்னதில்ல. வேணும்னே நிறுத்துவாருங்க. தாளக்காரன் முழிக்கிறதப் பாக்குறதுல அவருக்கு ஒரு குஷி. ‘இன்னிக்கு அவன வேர்க்க வச்சேன்டி’ம்பாரு வூட்டுக்கு வந்து.”

“அன்னிக்கும் அப்படிச் சொன்னாருங்களா?”

அவர் யோசித்தார். “எந்த உற்சவம்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? வலி இருந்தாலும் அவரு சொல்ற ஆளும் இல்ல.”

மாமாவிடம் சொன்னேன். “பொண்டாட்டிக்கிட்ட எவன் சொல்லுவான்? தாளக்காரன் பக்கத்துல நின்னவன்” என்றார். அவர் தாளக்காரர் பக்கம்தான். கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பதறிய தட்டு இரண்டு கதைக்கும் பொருந்துகிறது. வலியைப் பார்த்தவனும் பதறுவான், ஏமாற்றப்பட்டவனும் பதறுவான்.

ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து மாடிப் படியில் நான் மறுபடியும் நிற்கிறேன். முதலில் வெயில் என்று நினைத்தேன். தினம் பல மணி நேரம் கரண்ட் இல்லை, யாருக்குத்தான் மூச்சு வாங்கவில்லை. போன வாரம் கணவர் செருப்பைத் தேடக் குனிந்தார். ஊதித் திறந்த வால்வு சில ஆண்டுகளில் திரும்பச் சுருங்கலாம் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை புதுச்சேரிக்கு எக்கோ எடுக்கப் போகிறோம். மகள் அவள் அத்தை வீட்டில் இருப்பாள். போன முறை எனக்குத் துணைக்கு வந்தவர் வலியோடு நின்ற மனிதர். அவர் மனைவி சொன்னது சரியென்றால் அப்படி ஒருவர் அங்கே இருக்கவே இல்லை. இந்த முறை யாரை நினைத்துக்கொண்டு அந்த மேஜையில் படுப்பேன் என்று தெரியவில்லை. வால்வு மறுபடியும் சுருங்கியிருக்கிறதா என்பது இதை எழுதும் இந்த நேரம்வரை உறுதிப்படவில்லை.